தனியாளாகப் பாய்மரத்தைத் தூக்கி இறக்க வழி சொல்லுங்கள்

மிச்சிகனில் இருக்கிறேன். போன வருடம் கேட்டலினா 22 என்ற பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினேன். டிரெய்லரில் ஏரிக்கு இழுத்துப் போவது பிரச்சினையே இல்லை, இந்தப் பாய்மரத்தை நிமிர்த்துவதற்குள்தான் உயிர் போகிறது. சுமார் 25 அடி அலுமினியக் கம்பம், அடியில் கீல் மாதிரி ஒரு போல்ட். பின்பக்கம் சாய்ந்து கிடப்பதை நான் தோளால் தள்ள, மனைவி முன்னால் நின்று கயிற்றை இழுப்பார். போன சனிக்கிழமை இறக்கும்போது பக்கக் காற்று அடித்து, கம்பம் இடதுபுறம் சரிந்து, அடித்தகடு லேசாக வளைந்துவிட்டது. இனி வரமாட்டேன் என்கிறார். நியாயம்தான்.

அதனால் ஜின் போல் (கம்பத்தைத் தூக்க உதவும் துணைக் கம்பு) போடப் போகிறேன். 6 அடிக் குழாயைக் கம்பத்தின் அடியிலிருந்து முன்பக்கம் நீட்டி, அதன் நுனி வழியாகக் கயிற்றை வின்ச்சுக்கு (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) கொண்டுபோனால் இழுவைக்குக் கோணம் கிடைக்கும், அது சரி. பக்கவாட்டு ஆட்டத்துக்குத்தான் வழி தெரியவில்லை. கம்பத்தை இருபுறமும் பிடித்து நிறுத்தும் பக்க வயர்கள் மாட்டும் இடம் கீலைவிடத் தாழ்வாக இருப்பதால், கம்பம் சாயச் சாய அவை தொளதொளவென்று தொங்குகின்றன. தற்காலிக வயர் கட்டுவதென்றால் அதன் வளையம் கீலுக்கு நேராக, அதே உயரத்தில் இருக்க வேண்டுமே, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? படம் இருந்தால் போடுங்கள். அப்புறம், மேலே மின்கம்பி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன், அதற்குத் திட்டாதீர்கள்.