கே27 டிரைமெத்தில்: வெஸ்டர்னில் மறைகிறது, சிப்-சீக்கில் அப்படியே இருக்கிறது. ஏன்?

கேள்வி:
லிம்ஃபோமா செல்களுக்கு டாஸெமெட்டோஸ்டாட் (ஈ.இசட்.எச்.2 என்னும் நொதியின் தடுப்பான்) 1 மைக்ரோமோலார், 6 நாள். வெஸ்டர்ன் பிளாட்டில் (மொத்தப் புரத அளவைக் காட்டும் சோதனை), டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதமான ஹிஸ்டோன் எச்3-இன் 27ஆம் லைசினில் (கே27) அந்த நொதி எழுதும், ஜீன்களை அடக்கி வைக்கும் டிரைமெத்தில் குறி ஏறக்குறையக் காணவில்லை. அதே செல்களின் சிப்-சீக்கில் (குறி உள்ள டி.என்.ஏ.வை ஆன்டிபாடியால் இழுத்து, அது ஜீனோமில் எங்கே என்று வரிசை படித்துப் பார்க்கும் முறை) மட்டும் மருந்து படாத மாதிரியைப் போலவே சிகரங்கள் நிற்கின்றன. ஆன்டிபாடி கோளாறா? குறி போன ஜீன்கள் பலவும் விழிக்கவில்லையே, அது எதனால்?

பதில் 1:
முதலில் கணக்கைப் பாருங்கள். மொத்த ரீடுகளை (வரிசை படித்த டி.என்.ஏ. துண்டுகளை) வைத்துச் சமன்செய்தால், குறி ஜீனோம் முழுக்க ஒரே அளவில் சரியும்போது அந்தச் சரிவே அழிந்துபோகும். மிஞ்சியிருக்கும் கொஞ்சமும் ஊதிப் பெரிதாகத் தெரியும். ஆன்டிபாடி சேர்க்கும் முன்பே, எல்லா மாதிரிகளிலும் ஒரே அளவு டிரோசோஃபிலா (பழ ஈ) குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் ஹிஸ்டோனும் சேர்ந்தது) கலந்து, அதன் ரீடுகளால் சமன்செய்யுங்கள். எச்3 வால் ஈக்கும் மனிதனுக்கும் ஒன்றே என்பதால் அதே ஆன்டிபாடி போதும். ஐ.பி. (ஆன்டிபாடியால் இழுக்கும் படி) முடிந்தபின் கலப்பதில் பயனில்லை, ஐ.பி.யில் நேரும் இழப்பு அதில் பதிவாகாது. பழைய ஐ.பி. டி.என்.ஏ. மிச்சம் இருந்தால், க்யூ.பி.சி.ஆரில் இன்புட் சதவீதம் (ஐ.பி.க்கு முந்தைய குரோமாட்டினில் எத்தனை பங்கு இழுபட்டது என்பது) பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆன்டிபாடி அளவையும் சோதியுங்கள். குரோமாட்டினுக்கு அது போதாவிட்டால் இரண்டு மாதிரியிலும் ஒரே அளவுதான் இழுக்கும், வித்தியாசம் சுருங்கிவிடும். 1, 2, 5 மைக்ரோகிராம் என்று வைத்துப் பாருங்கள். புரதத்தை டி.என்.ஏ.வோடு ஒட்ட ஃபார்மால்டிஹைட் 1 சதவீதம், 10 நிமிடம். பிறகு அதை நிறுத்த கிளைசின் 125 மில்லிமோலார். நேரம் கூடினால் சோனிகேஷனில் (ஒலியலையால் சிதைப்பதில்) 200–500 பேஸ் இணை துண்டுகள் கிடைப்பது கடினம்.
வெஸ்டர்னுக்கு 0.2 மைக்ரான் மெம்பிரேன். 0.45-இல் எச்3 போன்ற சின்னப் புரதம் ஊடுருவிப் போய்விடும், குறி குறைந்ததுபோல் ஏமாற்றும். மொத்த எச்3-ஐயும் அதே லைசேட்டில் (செல்களை உடைத்த சாற்றில்) ஓட்டுங்கள்.

பதில் 3:
இரண்டாம் கேள்விக்கு: தடுப்பான் குறியை அழிப்பதில்லை, புதிதாக எழுதுவதைத்தான் நிறுத்துகிறது. பழைய குறி பெரும்பாலும் செல் பிரியப் பிரிய நீர்த்துப்போகிறது. மெதுவாகப் பிரியும் செல்லுக்கு 6 நாள் போதாது. குறி போனாலும், அந்த ஜீனை இயக்கும் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் அந்தச் செல்லில் இல்லாவிட்டால், அல்லது புரோமோட்டரில் (ஜீனின் தொடக்கப் பகுதியில்) டி.என்.ஏ. மெத்திலேஷன் இருந்தால், ஜீன் எழாது. அதே லைசினில் அசிட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மெத்திலும் அசிட்டிலும் அங்கே ஒன்றாக இருக்க முடியாது.

"குறி குறைந்தால் நல்லது" என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சில லிம்ஃபோமாக்களில் ஈ.இசட்.எச்.2-இன் ஒய்641 திரிபு இந்தக் குறியைக் கூட்டுகிறது. குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் கிளையோமாவிலோ எச்3-இன் கே27எம் திரிபு அதைப் பெருமளவு குறைக்கிறது. இரண்டுமே புற்று.

கேள்வி கேட்டவர்:
ஒட்டிச் சிதைத்த குரோமாட்டின் மைனஸ் 80-இல் இருக்கிறது. அதில் ஈ குரோமாட்டின் கலந்து மறுபடி ஐ.பி. செய்யலாமா?

பதில் 1:
தாராளமாக. இரண்டு மாதிரியின் டி.என்.ஏ. அளவையும் மறுபடி அளந்து சமமாக்கிய பிறகு கலக்கவும்.