புதுப்பிப்பு: ரீலோடிங்குக்கு குரோனோகிராஃப் தேவையா?

சுட்ட தோட்டாவின் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் மறுபடி நிரப்பி நாமே ரீலோட் செய்யும்போது, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவி வாங்குவது வீண் செலவா என்று முன்பு கேட்டிருந்தேன். ரேடார் வகை ஒன்று வாங்கிவிட்டேன். வீண் இல்லை.

இலக்குத் தாளில் துளைகள் நெருக்கமாக விழுந்தால் போதும் என்று சிலர் சொன்னீர்கள். 100 மீட்டரில் அது சரிதான், வேகம் வினாடிக்கு 15 மீட்டர் முன்னே பின்னே போனாலும் அங்கே தெரியாது, ஆனால் 600 மீட்டரில் அந்த வித்தியாசமே குண்டுகளை மேலும் கீழுமாகச் சிதறடித்துவிடும்.

ரீலோடிங் கையேட்டில் போட்டிருக்கும் வேகம் அதை வெளியிட்டவர்கள் சோதித்த பேரலுக்கானது (துப்பாக்கிக் குழல்). என் பேரல் அதைவிடக் குட்டை, அதனால் வேகம் குறைவாகத்தான் வருகிறது. கையேட்டு வேகத்தை எட்டிப்பிடிக்க வெடிமருந்தைக் கூட்டவே கூடாது. மாறாக, வேகம் எதிர்பார்த்ததைவிட எகிறினால் துப்பாக்கிக்குள் அழுத்தமும் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்த ஒரு எச்சரிக்கைக்காகவே கருவி வேண்டும் என்பேன்.

அப்புறம், மூன்றே தோட்டா சுட்டுவிட்டு திட்ட விலக்கம் (தோட்டாவுக்குத் தோட்டா வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு) குறைவாக வந்தது என்று நம்பிவிடாதீர்கள், பத்து இருபதாவது சுட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். குண்டு கடப்பதை வெளிச்சத்தை வைத்து உணரும் ஒளி உணரி வகைக் குரோனோகிராஃப் வைத்திருப்பவர்கள், மேகம் வந்து வந்து போகும் நாளில் அளவு தடுமாறினால் முதலில் வெளிச்சத்தைச் சந்தேகியுங்கள். குறுகிய தூரத்துக்கு மட்டும் சுடுபவர்கள் இரவல் வாங்கியே சமாளிக்கலாம்.