யுனிவர்சல் ஸ்டுடியோ போனப்ப எங்கே தங்கினீங்க? சிங்கப்பூர் குடும்பப் பயண அனுபவங்கள்

திருச்சி அப்பா:
2024 மே மாசம் போனோம். நான், மனைவி, பிள்ளைங்க ரெண்டு பேர் (7 வயசு, 4 வயசு), கூட எங்க அப்பா. யுனிவர்சல் இருக்கிற சென்டோசா தீவுக்குள்ளேயே தங்கினா ஒரு ரூமுக்கு ராத்திரிக்கு 480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா பக்கம் 150. எங்களுக்கு ரெண்டு ரூம், மூணு ராத்திரி. கணக்குப் போட்டா 1,980 வெள்ளி வித்தியாசம், நம்ம காசுக்கு 1.2 லட்சம். உடனே தேக்காவைப் போட்டுட்டேன். லிட்டில் இந்தியாவில் ஏறினா ரயில் மாறாம நேரா ஹார்பர்ஃபிரண்ட் ஸ்டேஷன், மேலே விவோசிட்டி மால், அங்கே சென்டோசா ரயில், முதல் ஸ்டாப்பே பார்க். காலையில் அப்படித்தான் போனோம், ஒரு கஷ்டமும் இல்லை.

ராத்திரி திரும்பும்போது சின்னவன் என் தோளில் தூங்கிட்டான். பெரியவள் அம்மா கையைப் பிடிச்சு இழுபட்டு வர்றா. அப்பாவுக்கு முழங்கால் வலி ஏற்கெனவே உண்டு, பகல் பூரா நடை வேற. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து சிராங்கூன் ரோடு ஓரத்துல, பூட்டியிருந்த கடை வாசப்படியில் உக்காந்துட்டார். வேட்டியைத் தூக்கி முழங்காலைப் பிடிச்சுக்கிட்டார். பெரியவள் போய்ப் பக்கத்துல உக்காந்து தேய்ச்சு விட்டா. அப்போ என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ரூம் வாடகையில எவ்வளவு மிச்சம்னுப்பா சொன்னே?" கோபமா கேக்கலை. நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதுல இருக்கு.

கோவை அம்மா:
எங்களுக்கு நேர் எதிர். சென்டோசாவிலேயே ரெண்டு ராத்திரி தங்கினோம். மத்தியானம் இடியும் மழையுமா வந்து வெளியே இருக்கிற ரைடு எல்லாம் நிறுத்திட்டாங்க. கேட்டில் சொல்லிட்டு வெளியே வந்து, ரூமுக்குப் போய்ப் பிள்ளைங்களைத் தூங்க வச்சு, சாயங்காலம் திரும்பப் போனோம். அதுக்காகவே அந்தக் காசு தகும்னு இன்னைக்கும் சொல்வேன்.

ஆனா சாப்பாடு! நாங்க சைவம். சின்னவளுக்கு இட்லி தயிர்சாதம் தவிர எதுவும் இறங்காது. ரெண்டாம் நாள் ராத்திரி வீட்டுக்காரர் ரயிலேறித் தேக்கா போய்ப் பார்சல் வாங்கிட்டு வந்தார். பத்தரை மணி. அந்தப் பெரிய ஓட்டல் கார்ப்பெட்டுல நியூஸ்பேப்பரை விரிச்சு, ஆறிப்போன இட்லியை நாலு பேரும் உக்காந்து சாப்பிட்டோம். சின்னவள் அஞ்சு இட்லி தின்னா. ரெண்டு நாளா அந்தப் பிள்ளை பசியோட இருந்திருக்குன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சது.

மதுரை:
திருச்சி சார், தப்பா எடுத்துக்காதீங்க. இதுல தங்கின இடத்து மேல தப்பே இல்லை. ராத்திரி ஓலா மாதிரி ஒரு கிராப் கார் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். 1.2 லட்சம் மிச்சம் பிடிச்சவர் அப்பாவுக்காக 25 வெள்ளி செலவு பண்ணியிருக்கலாமே. மூணு நாள் தங்கினீங்க, அதுல பார்க்குக்கு ஒரு நாள்தானே? அந்த ஒரு ராத்திரி மட்டும் உள்ளே, மத்த ரெண்டும் வெளியேன்னு போட்டிருக்கணும்.

நான் இழந்தது வேற மாதிரி. வரிசையில ரொம்ப நேரம் நிக்காம ரைடுக்குப் போற எக்ஸ்பிரஸ் பாஸ் நாலு பேருக்கும் எடுத்தேன். அது டிக்கெட்டுக்கு மேல தனிக் காசு. மம்மி ரைடுக்கு 122 செ.மீ. உயரம் வேணும். என் பையன் 119. அளவு பார்க்கிற இடத்துல குதிகாலைத் தூக்கி நின்னான். அங்கே நின்ன பொண்ணு சிரிச்சுக்கிட்டே அவன் தோளை மெதுவா அழுத்துச்சு. திரும்பி என்னைப் பார்த்தான் பாருங்க. கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுச் சுவத்துல ஒரு கோடு போட்டு அளந்திருக்கலாம்.

ஜொகூர் வழியா போனவர்:
ரூம் காசைப் பார்த்துட்டு நாங்க மலேசியா பக்கம் ஜொகூர் பாருவிலேயே தங்கிட்டோம். ரெண்டு நாள் அங்கே லெகோலாண்ட் பார்க், ஒரு நாள் மட்டும் பாலம் தாண்டி யுனிவர்சல்னு திட்டம். பாலம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனா ரெண்டு பக்கமும் பஸ்ஸை விட்டு இறங்கணும், இமிக்ரேஷன் வரிசை, மறுபடி பஸ் வரிசை. திரும்பினது வெள்ளிக்கிழமை சாயங்காலம். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவங்க அத்தனை பேரும் வீடு திரும்புற நேரம். வரிசை நகரவே இல்லை. என் பையனுக்கு ஒன்பது வயசு. "அப்பா அவசரம்"னு மூணு தடவை சொன்னான். வரிசையை விட்டா முதல்லேருந்து நிக்கணுமேன்னு "கொஞ்சம் பொறுடா"ன்னேன். அங்கேயே நனைச்சுட்டான். சுத்தி அத்தனை ஜனம். அழக்கூட இல்லை, பையை முன்னாடி வச்சு மறைச்சுக்கிட்டான். அந்த ட்ரிப் போட்டோ எதையும் அவன் இன்னைக்கு வரைக்கும் பார்க்க மாட்டேங்கிறான்.

சிங்கப்பூர்வாசி:
மதுரை அண்ணே, கிராப் யோசனை அவங்களுக்குச் சரிப்படாது. இங்கே 1.35 மீட்டருக்குக் குறைஞ்ச பிள்ளைங்களுக்குக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு விலக்கு உண்டு, கிராப் மாதிரி தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. அதுவும் அஞ்சு பேர். சாதாரண டாக்சியில் நாலு பேர்தான். பெரிய வண்டி சொல்லணும், இல்லைன்னா ரெண்டா பிரியணும். அவரைக் குத்தம் சொல்லாதீங்க.

வாடகை பார்க்கிறவங்க இன்னொண்ணு கவனிக்கணும். விலைக்குப் பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி போட்டிருந்தா, 10% சேவைக் கட்டணம், அதுக்கும் மேல 9% ஜிஎஸ்டி. 150 வெள்ளி ரூம் ஏறக்குறைய 180 ஆயிடும். சில தளங்களில் கடைசிப் பக்கத்துல வந்துதான் அது தெரியும். தேக்காவில் மலிவு ரூம்னா சிலதுல ஜன்னலே இருக்காது, புக் பண்ணும்போதே கேட்டுடுங்க. வயசானவங்க கூட வந்தா ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா ரெண்டு ஸ்டேஷன்ல எது கிட்டன்னு பாருங்க, லிஃப்ட் எந்த வாசல்ல இருக்குன்னும் பாருங்க. விவோசிட்டியிலிருந்து சென்டோசாவுக்கு நடைபாதை இருக்கு, ஆனா முழங்கால் வலிக்காரங்களை அதுல கூட்டிட்டுப் போகாதீங்க. 90 செ.மீ.க்குக் குறைஞ்ச பிள்ளைங்களுக்கு பஸ், எம்ஆர்டி ரயில் இலவசம்.

எல்லாத்தையும் விட முக்கியம், வீடு வாடகைக்குன்னு வர்ற விளம்பரத்தை நம்பாதீங்க. இங்கே தனியார் வீட்டைக் குறைஞ்சது மூணு மாசத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம், வீவகன்னு சொல்ற அரசாங்க அடுக்குமாடி வீடுன்னா ஆறு மாசம். எங்க சித்தி குடும்பம் ஊரிலிருந்து அப்படித்தான் மூணு நாளைக்குப் பணம் கட்டிட்டு வந்தாங்க. வாசல் காவலாளி உள்ளே விடலை. பணம் வாங்கினவன் போனை எடுக்கலை. நான் போய்ச் சேர்றப்ப சித்தி ஆறு பெட்டியைச் சுத்தி வச்சு நடுவுல நின்னாங்க. முறுக்கு டப்பா இருக்கிற பையை மட்டும் கீழே வைக்காம நெஞ்சோட பிடிச்சிருந்தாங்க. எனக்காகச் சுட்டுக் கொண்டுவந்தது.

திருச்சி அப்பா:
மதுரைக்காரர் கேட்டதுக்குப் பதில் சொல்லணும். டாக்சி ஸ்டாண்டுக்குப் போனோம். முன்னாடி முப்பது பேர் இருந்தாங்க. சிங்கப்பூர்வாசி சொன்ன மாதிரி ரெண்டு வண்டி வேணும்னும் தெரிஞ்சது. ரெண்டுக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும்னு போன்ல தட்டிப் பார்த்துக்கிட்டு நின்னேன். அப்பா பக்கத்துல நின்னு அதைப் பார்த்துட்டார். "வேணாம்ப்பா, ரயில்லயே போயிடலாம், எனக்கு ஒண்ணும் வலிக்கலை"ன்னு சொல்லிட்டு எனக்கு முன்னாடி நடக்க ஆரம்பிச்சுட்டார்.