உடனிகழ்வா, தற்செயலா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆங்கிலத்தில் coincidence என்கிறார்களே, இரு நிகழ்ச்சிகள் எதிர்பாராமல் ஒருசேர நடப்பது, அதைத் தமிழில் குறிக்கத் 'தற்செயல்' என்ற சொல்லே போதும் என்று நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அதில் ஒரு தடை உண்டு. ஒருசேர நடந்தன என்பது கண்ட செய்தி. காரணமின்றி நடந்தன என்பது நாம் வழங்கும் தீர்ப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால், பொருள் உண்டா இல்லையா என்ற வழக்கைத் 'தற்செயல்' விசாரணைக்கு முன்பே முடித்துவிடுகிறது. 'எதேச்சை' இன்னும் வழுக்கும். எதேச்சாதிகாரத்தில் அதற்குத் தன் விருப்பம் என்றல்லவா பொருள்!

இலக்கண நூலான நன்னூல், 'ஆல்', 'ஓடு' முதலிய உருபுகளை உடைய மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா (செய்பவர்), உடனிகழ்வு என்று பொருள் வகுக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்கிறோமே, அது காக்கையால் விழுந்ததா, காக்கையின் வருகையோடு விழுந்ததா? 'ஆல்' காரணத்தைச் சுட்டும். 'ஓடு' கூடவே நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். ஆகவே 'உடனிகழ்வு' என்பதே என் பரிந்துரை.

சென்ற வைகாசியில் கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் பேருந்தில், பல ஆண்டுகளாகப் பார்த்திராத பள்ளித் தோழரை நினைத்துக்கொண்டிருந்தேன். குடவாசலில் அவரே ஏறினார், சட்டைப்பையில் மொய்க்கவர் துருத்திக்கொண்டிருக்க. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பேச்சுக் கொடுத்த பிறகுதான் இருவரும் ஒரே கல்யாணத்துக்குப் போகிறோம் என்பது தெரிந்தது. நான் அவரை நினைத்ததும், பத்திரிகையை எடுத்து மண்டபத்தின் பெயரைப் பார்த்தபோது பெண் வீட்டார் ஊராக அவர் ஊரின் பெயர் கண்ணில் பட்டதால்தான். அது உடனிகழ்வு, ஆனால் தற்செயல் அன்று. ஆடிப்பெருக்கும் புதுவெள்ளமும் அப்படியே: குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை இரண்டுக்கும் பின்னால் இருக்கிறது. மாறாக, அந்தப் பேருந்தில் 23 பேர் இருந்தாலே அவர்களில் யாரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக அமையும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல்; அதைத் தற்செயல் என்று தாராளமாகச் சொல்லலாம்.

காரணத் தொடர்பு இல்லாமலே பொருளால் இணைந்தவை என்று சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1952இல் விரித்து எழுதிய கருத்துக்குப் (synchronicity) 'பொருளுறு உடனிகழ்வு' என்று அடைகொடுத்தால் போதும். அக்கருத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும் நம்புகிறவரும் மறுப்பவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாதாட வேண்டுமே.

சோறு கொதிப்பதும் வானொலி பாடுவதும் கூட உடனிகழ்வுதானே, வியப்பு எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 'வியனுடனிகழ்வு' என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே வாய் குழறியது. 'ஒருங்கமைவு' என்றாலோ யாரோ அமைத்தது போலாகிவிடும். வியப்பையும் சேர்த்துச் சொல்லும் எளிய சொல் உங்களில் யாருக்கேனும் தோன்றினால், என்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.