பிறாண்டும் கம்பம் ஆடுகிறது, பூனை சோபாவுக்கே போகிறது: உறுதியான கம்பத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சாம்பல்வால்:

வணக்கம். எங்கள் வீட்டுப் பூனைக்கு 4 வயது. ஆண், கருத்தடை செய்தது, எடை 6 கிலோவை ஒட்டி வரும். வெளியே விடுவதில்லை. ஸ்க்ராட்சிங் போஸ்ட் என்று விற்கிறார்களே, அப்படி ஒன்று வாங்கி வைத்திருந்தோம். உயரம் 60 செ.மீ., அடிப்பலகை 30க்கு 30 செ.மீ., சுற்றிலும் கயிறு. ஆரம்பத்தில் நன்றாகத்தான் நின்றது. அப்புறம் மெல்ல மெல்ல ஆடத் தொடங்கியது. ஒருநாள் பயல் ஓடிவந்து பாய்ந்து பிடித்ததில் கம்பம் அவன் மேலேயே சரிந்துவிட்டது. அன்றோடு சரி, அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போது சோபாவின் கைப்பக்கம்தான் பலி. உள்ளிருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்கிறது.

புதிதாக வாங்கலாம் என்று தேடினால் எல்லாவற்றிலும் "உறுதியானது" என்றுதான் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து நம்புவது? எடையா, உயரமா? கயிறு சுற்றியதா, துணி ஒட்டியதா? பல தட்டுகள் வைத்து மரம் மாதிரி வருகிறதே, அது தேவலையா? இருப்பதையே சரிசெய்ய முடியும் என்றாலும் சம்மதம்தான். வீட்டில் டிரில் இருக்கிறது.

மீசைக்காரி:

பதில் சொல்வதற்கு முன் சில விவரம் வேண்டும். சோபாவில் எந்த இடத்தைப் பிறாண்டுகிறான், பக்கவாட்டையா, உட்காரும் மெத்தையையா? தரைவிரிப்பு, கால்மிதி எதையாவது தொடுகிறானா? பின்கால் ஊன்றி எழுந்து சுவரிலோ கதவிலோ கை வைத்தால் எவ்வளவு உயரம் எட்டுகிறது? எந்த நேரத்தில் பிறாண்டுகிறான்?

சாம்பல்வால்:

கைப்பக்கத்தின் வெளி மூலை, மேலிருந்து கீழாக. தரைவிரிப்பைச் சீண்டுவதே இல்லை. கதவில் அளந்து பார்த்தேன், 75 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே எட்டுகிறது. நேரம் என்றால், தூங்கி எழுந்தவுடன் நேராக அங்கேதான்.

மீசைக்காரி:

அப்படியென்றால் உங்களவன் நின்றபடி பிறாண்டுகிற ரகம். தரையில் படுக்கையாகக் கிடக்கும் பிறாண்டும் அட்டையை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். உயரம் 60 என்பது அவனுக்குப் போதாது. எழுந்தவுடன் பிறாண்டுவது பாதி சோம்பல் முறிப்புதான்: முன்காலை மேலே ஊன்றி, நகத்தை மாட்டி, முதுகு முழுக்க இழுத்து விடுவார்கள். கம்பம் அவன் எட்டும் உயரத்தைத் தாண்டி நிற்க வேண்டும். 85, 90 செ.மீ. என்று பாருங்கள்.

தட்டுகள் வைத்த மரத்தில் ஏறி உட்காரத்தான் பூனைக்கு ஆசை. பிறாண்டுவதற்கு அது சுமார். மொத்த உயரம் ஆறடி இருந்தாலும் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே கம்பம் 40 செ.மீ. கூட இருக்காது. நீட்டி நிமிர இடமே இல்லை.

நடுநிசி:

உயரத்தைக் கூட்டச் சொல்கிறார்கள், சரி. உயரம் கூடினால் சாய்வதும் கூடும், அதையும் சேர்த்து யோசியுங்கள். கடையில் எல்லோரும் எடையைக் கேட்கிறார்கள். நான் அடிப்பலகையைத்தான் கேட்பேன்.

பூனை கம்பத்தைத் தள்ளுவதில்லை, தன் பக்கமாக இழுக்கிறது. உங்கள் கம்பம் மொத்தம் 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பலகையின் பாதி அகலம் 15 செ.மீ. 4 × 15 = 60. கம்பத்தை 60 செ.மீ. உயரத்தில் பிடித்துக் கிடையாக இழுத்தால் 60 ÷ 60, அதாவது 1 கிலோ அளவு விசைக்கே சாய்ந்துவிடும். 6 கிலோ பூனைக்கு 1 கிலோ எம்மாத்திரம்? இதே 50 செ.மீ. பலகை, மொத்த எடை 9 கிலோ என்றால் 9 × 25 = 225. 75 செ.மீ. உயரத்தில் இழுத்தாலும் 3 கிலோ விசை வேண்டும்.

ஆனால் இதெல்லாம் பூனையின் பின்கால் தரையில் இருக்கும்போது உள்ள கணக்கு. இரண்டு பின்காலும் பலகையின் மேலேயே இருந்தால் கதை வேறு. தான் நிற்கும் பாயைத் தானே உருவ முடியாது அல்லவா, அப்படித்தான் இதுவும். எவ்வளவு இழுத்தாலும் அந்த விசை அவன் கால் வழியாகப் பலகைக்கே திரும்பிவிடும், அவன் எடையே கம்பத்தைப் பிடித்து நிறுத்தும். அதனால் வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: கம்பத்துக்கும் பலகை விளிம்புக்கும் நடுவில் உங்கள் பூனையின் பின்கால் வைக்க இடம் இருக்கிறதா? 30 செ.மீ. பலகையின் நடுவில் 10 செ.மீ. கம்பம் நட்டால் ஒரு பக்கத்துக்கு 10 செ.மீ.தான் மிச்சம். பூனைக்குட்டிக்குச் சரி. உங்களவன் நிச்சயம் தரையில்தான் நின்றிருப்பான்.

ஓடிவந்து பாய்வதற்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. அங்கே எடையும் வேண்டும், அகலமும் வேண்டும்.

தச்சுப்பட்டறை:

டிரில் இருக்கிறது என்றால் வாங்குவதற்கு முன் இருப்பதைக் கழற்றிப் பாருங்கள். ஆட்டத்தில் இரண்டு வகை. பலகையைக் காலால் அழுத்தி மிதித்துக்கொண்டு கம்பத்தின் உச்சியை அசையுங்கள். கம்பம் மட்டும் ஆடினால் கோளாறு இணைப்பில். இணைப்பு கெட்டியாக இருந்து, காலை எடுத்ததும் மொத்தமும் சாய்ந்தால் கோளாறு பலகையில். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டுமே இருக்கிறது.

பெரும்பாலான கம்பங்கள் உள்ளே வெறும் அட்டைக் குழாய். அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடியோ மரத்தூள் பலகை வட்டோ சொருகி, அதில் ஒரே ஒரு போல்ட் ஏறும். புதிதில் ஒட்டிப் பிடிக்கும். இழுக்க இழுக்க அந்த வட்டில் மரை தேய்ந்து ஓட்டை பெரிதாகிவிடும். அப்புறம் எத்தனை முறை முடுக்கினாலும் ஒரு வாரம்கூடத் தாங்காது. போல்ட் வெறுமனே தளர்ந்திருந்தால் அகலமான வாஷரும் ஸ்பிரிங் வாஷரும் போட்டு முடுக்குங்கள், போதும். மரை தேய்ந்திருந்தால் அந்த வட்டை நம்பவே வேண்டாம். குழாயின் முழு நீளத்துக்கும் ஒரு 10 மி.மீ. மரைக்கம்பியை (நீளம் முழுக்க மரை வெட்டிய இரும்புக் கம்பி) உள்ளே விட்டு, உச்சியில் ஒரு மரவட்டு, அடியில் பலகை, இரண்டு பக்கமும் நட்டு போட்டு இறுக்குங்கள். குழாய் நடுவில் இறுகி நிற்கும், அது பிறகு எங்கும் போகாது. கம்பியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அறுத்துத் தேய்த்துவிடுங்கள்.

பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட், 60க்கு 60 செ.மீ. ஒரு துண்டு சுமார் 4 கிலோ வரும். இரண்டை ஒட்டி ஆணி அடித்தால் 8 கிலோ. நட்டு தரையில் இடிக்காமல் இருக்க அடியில் குழி எடுத்து, நாலு மூலையிலும் ரப்பர் ஒட்டுங்கள். வழவழப்பான தரையில் ரப்பர் இல்லையென்றால் சாயாவிட்டாலும் வழுக்கிக்கொண்டு போகும். பூனைக்கு அதுவும் பிடிக்காது.

உங்கள் 60 செ.மீ. குழாய் உயரம் போதாது, அதை மட்டும் மாற்றித்தான் ஆக வேண்டும். 10 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாய் அல்லது நேரான மரக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப்பாதம்:

கயிறா துணியா என்று கேட்டீர்களே, துணி. சைசல் என்ற கற்றாழை வகை நாரில் நெய்த துணியில் நகம் நேராகக் கீழே கிழித்துக்கொண்டு இறங்கும். கயிற்றில் ஒவ்வொரு சுற்றிலும் தட்டித் தட்டி இறங்கும். என் இரண்டும் கயிற்றை முகர்ந்துவிட்டுப் போய்விட்டன. தரைவிரிப்புத் துணி ஒட்டியதை மட்டும் வாங்காதீர்கள். அதன் வளையத்தில் நகம் மாட்டிக்கொள்ளும். போதாததற்கு, வீட்டில் இருக்கும் விரிப்பும் தனக்கு அனுமதிக்கப்பட்டது என்று பூனை நினைத்துக்கொள்ளும்.

தச்சுப்பட்டறை:

துணி நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிழிந்தால் முழுதாக மாற்ற வேண்டும். கயிறு என்றால் தேய்ந்த இடத்தை மட்டும் பிரித்துச் சுற்றலாம். சாம்பல்வால் கையால் செய்யப் போகிறவர், அவருக்குக் கயிறே வசதி. 8 மி.மீ. சைசல் கயிறு, 10 செ.மீ. குழாய், 80 செ.மீ. உயரத்துக்குச் சுற்ற வேண்டுமானால் 100 சுற்று, ஒரு சுற்றுக்குச் சுமார் 34 செ.மீ. ஆக 34 மீட்டர். கையிருப்பாக நாலைந்து மீட்டர் கூட வாங்குங்கள். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். வழுக்கும், இழை பிரிந்து வந்தால் பூனை விழுங்கிவிடும், குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சைதான். தேங்காய் நார்க் கயிறு மலிவு, ஆனால் நார் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

வழுக்கையில்லாத மாமா:

இவ்வளவு தலைவலி எதற்கு? பிறாண்டும்போது தண்ணீர் பீய்ச்சுங்கள். எலுமிச்சை எண்ணெய் தெளித்தாலும் சோபா பக்கம் வராது. இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லி நகத்தையே எடுத்துவிடலாமே.

மீசைக்காரி:

மாமா, மூன்றும் வேண்டாம். தண்ணீர் பீய்ச்சினால் நீங்கள் இல்லாத நேரத்தில் பிறாண்டக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். வாசனை எண்ணெய்கள் பூனையின் ஈரலுக்கு ஆகாது. உடம்பில் பட்டதை நக்கியே உள்ளே தள்ளிவிடும். நகம் எடுப்பது நகம் வெட்டுவது போன்றதல்ல, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் துண்டிப்பது. பல நாடுகளில் சட்டப்படி தடை.

பிறாண்டாமல் பூனையால் இருக்க முடியாது. நகத்தின் மேல் ஓடு பழசாகிக் கழலும்போது அதை உரித்துப்போட வேண்டும். கம்பத்தடியில் நகம் மாதிரியே வெறும் ஓடுகள் கிடந்தால் பயப்படாதீர்கள், அதுதான் அது. தவிர பாதத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கீறலும் வாசனையும் சேர்ந்து "இது என் இடம்" என்ற அடையாளம். அதனால்தான் மூலையில் ஒளித்துவைத்த கம்பத்தை யாரும் தொடுவதில்லை. எல்லோரும் நடமாடும் இடத்தில் வையுங்கள்.

சாம்பல்வால்:

மிக்க நன்றி எல்லோருக்கும். கழற்றிப் பார்த்தேன். தச்சுப்பட்டறை சொன்னதுதான், மரத்தூள் வட்டு பொடிப்பொடியாகக் கொட்டியது. பி.வி.சி. குழாய், மரைக்கம்பி, இரண்டு பிளைவுட் எல்லாம் வாங்கிவிட்டேன். ஒரே கவலை: மேலே விழுந்த பயத்தில் இதையும் தொடாவிட்டால்? காலைப் பிடித்துக் கம்பத்தில் தேய்த்துக் காட்டலாமா? பூனைகளை மயக்கும் செடி என்கிறார்களே, அந்தக் கேட்னிப் போட்டால் வருவானா?

மீசைக்காரி:

காலைப் பிடிக்காதீர்கள். பிடித்த பிடியில் கம்பத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். சோபாவின் அந்த மூலையை ஒட்டியே புதுக் கம்பத்தை வையுங்கள், அறைக்கு அந்தப் பக்கம் அல்ல. சோபா மூலைக்கு இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்போ தடித்த போர்வையோ போடுங்கள். பிசுபிசுப்பு பாதத்துக்குப் பிடிக்காது. அப்புறம் இறகுக் கோல் வைத்து கம்பத்தின் உயரத்தில் விளையாட்டுக் காட்டுங்கள். தானாகக் கைவைப்பான், வைத்தவுடன் ஏதாவது தின்னக் கொடுங்கள். நன்றாகப் பழகிய பிறகு வேண்டுமானால் தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொள்ளலாம்.

கேட்னிப் எல்லாப் பூனைக்கும் வேலை செய்யாது. சுமார் மூன்றில் ஒன்றுக்கு அது வெறும் புல். அதே மாதிரி பூனையை ஈர்க்கும் சில்வர் வைன் என்ற கொடியின் பொடி கிடைத்தால் அதையும் பாருங்கள், கேட்னிப்புக்கு மசியாத பல பூனைகள் அதற்கு மசியும்.

நடுநிசி:

ஒன்று சேர்க்கிறேன். முதல் சில நாள் கம்பத்தின் உச்சியை ஒரு எல் வடிவ இரும்பால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். ஒருமுறை பயந்தவனுக்கு இரண்டாவது முறை ஆடவே கூடாது. கயிறு சுற்றும்போது பசையை முதல் சில சுற்றிலும் கடைசி சில சுற்றிலும் தடவினால் போதும் என்பார்கள், நம்பாதீர்கள். ஒவ்வொரு பத்துச் சுற்றுக்கும் ஒரு கோடு தடவுங்கள். நடுவில் ஓரிடம் அறுந்தாலும் மொத்தமும் அவிழாது.

சாம்பல்வால்:

நிலவரம் சொல்ல வந்தேன். 90 செ.மீ. கம்பம், 60க்கு 60 அடிப்பலகை, ரப்பர், சுவரில் எல் இரும்பு, எல்லாம் சொன்னபடி. முதலில் சுற்றிச் சுற்றி முகர்ந்தான், பலகையில் ஏறி உட்கார்ந்தான், இறங்கிப் போய்விட்டான். கேட்னிப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. இறகுக் கோலுக்குத்தான் விழுந்தான். இப்போது காலையில் எழுந்தவுடன் கம்பத்துக்கு வருகிறான், பின்கால் இரண்டும் பலகை மேல், நடுநிசி சொன்ன மாதிரியே. சோபாவில் டேப் இன்னும் இருக்கிறது, எடுக்கத் துணிச்சல் இல்லை.

ஒரு சந்தேகம். பழைய கம்பத்தைத் தூக்கிப்போட்டுவிடலாமா? இன்னொன்று, புதுக் கம்பத்தில் மேல் பகுதி மட்டும் அதற்குள் பஞ்சாகிவிட்டது, கீழே தொடவே இல்லை. மாற்ற வேண்டுமா?

தச்சுப்பட்டறை:

பழையதைத் தாராளமாகப் போடுங்கள், அவனே கைவிட்டதுதானே. புதியதில் பஞ்சானதைத் தொடாதீர்கள். பார்க்கத்தான் அசிங்கம், அவனுக்கு அதுதான் பிடித்த இடம். குழாய் வெளியே தெரிய ஆரம்பித்தால் அந்தப் பத்திருபது சுற்றை மட்டும் பிரித்துப் புதுக்கயிறு சுற்றுங்கள், மிச்சத்தில் அவன் வாசனை அப்படியே இருக்கும். நட்டை மட்டும் அவ்வப்போது முடுக்கிப் பாருங்கள்.