புதுப்பிப்பு: பார்படாஸில் பிள்ளைகளுக்கு ஏற்ற அலை எந்தக் கரையில்?
பார்படாஸில் குடும்பத்தோடு தங்குபவர்களுக்கு அலையுள்ள கடற்கரை எது என்ற என் முந்தைய இழையின் தொடர்ச்சி இது. மேற்குக் கரை பெரும்பாலான நாட்களில் குளம்போல் கிடக்கும். காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் தீவே அலையை மறித்துவிடுகிறது. அட்லாண்டிக்கைப் பார்த்த கிழக்கில், பாத்ஷீபாவின் சூப் பவுல் தேர்ந்த அலைச்சறுக்கு வீரர்களுக்கான இடம். அடியில் பாறைத்திட்டு, நீரின் இழுப்பும் அதிகம். அங்கே பிள்ளைகளை இறக்கவே வேண்டாம், கரையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பிள்ளைகளுக்கு என் தேர்வு தெற்கே ராக்லியில் உள்ள அக்ரா கடற்கரைதான். மணல் தரை, உயிர்காப்பாளர்கள் உண்டு, பூகி போர்டுக்கு (படுத்தபடி அலையில் சறுக்கும் சிறு பலகை) போதுமான அலையும் வரும். பிள்ளையின் இடுப்பளவு நீரில் நின்று, அலை உடைந்து வெள்ளை நுரையாகப் பக்கத்தில் வரும்போது பலகையில் வயிற்றை அழுத்திக் கரையை நோக்கிப் பாயச் சொல்லுங்கள். உடம்பு அதிகம் முன்னால் போனால் பலகையின் முனை நீரில் குத்திக் கவிழ்ந்துவிடும். கொஞ்சம் பின்னால் நகர்ந்து படுத்தால் சரியாகும். தென்கிழக்கில் கிரேன் கடற்கரை அழகு, ஆனால் அலை வலுவானது. நன்றாக நீந்தும் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்.

சிவப்புக் கொடி பறந்தால் எங்கேயும் இறங்கக் கூடாது. வசந்தத்திலும் கோடையிலும் கிழக்கு, தெற்குக் கரைகளில் சர்காசம் பாசி குவியலாக ஒதுங்கும். காலையில் விடுதியில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.