எழுப்புச்சொல்லா, விளிச்சொல்லா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமேசானின் 'அலெக்ஸா', ஆப்பிளின் 'ஹே சிரி' என்பதுபோலப் பேசும் கருவிகளைக் கூப்பிடும் 'வேக் வேர்ட்' (wake word) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு நேற்று வந்த பரிந்துரை இது:

> எழுப்புச்சொல் என்றே வைக்கலாம். கருவி தூங்குகிறது, நாம் எழுப்புகிறோம். யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

எளிமையான சொல்தான். ஆனால் அந்தக் கருவி தூங்குவதே இல்லையே! உள்ளே ஒரு சின்னச் சில்லு, மைக்கில் விழும் ஒலியை இடைவிடாமல் கேட்டபடி இருக்கிறது. கடைசிச் சில நொடிகளை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்துக்கொண்டே வரும். அந்தச் சொல் காதில் விழுந்ததாக அதற்குத் தோன்றினால், அதன்பின் நாம் பேசுவது பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது.

'எழுப்பு' என்று பெயர் வைத்தால், கூப்பிடும்வரை அதற்குக் காது கேட்காது என்றுதான் மக்கள் நினைப்பார்கள். என் அம்மா அப்படித்தான் நினைத்திருந்தார். ஒருநாள் கூடத்தில் அத்தையிடம் தங்கையின் கல்யாணச் செலவைப் பேசிக்கொண்டிருந்தபோது, அலமாரியில் இருந்த கருவி தானாக விளக்கெரிந்து ஆங்கிலத்தில் ஏதோ பதில் சொன்னது. அம்மா பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, "இவ்வளவு நேரமும் கேட்டுக்கிட்டா இருந்துச்சு?" என்றார். இப்போதெல்லாம் முக்கியமான பேச்சு என்றால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பேசுகிறார். நாம் வைக்கும் சொல் அம்மாவை ஏமாற்றக் கூடாது என்பதே என் கவலை.

என் பரிந்துரை 'விளிச்சொல்'. விளி என்றால் கூப்பிட்டு நம் பக்கம் திருப்புவது. கேட்கிற காது உள்ளவரைத்தான் கூப்பிடுவோம். எட்டாம் வேற்றுமையாகப் பள்ளியில் எல்லோரும் படித்த சொல்தான். தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டால் பெயர் இயல்பாக நிற்கும், தொலைவில் இருப்பவர் என்றால் ஓசை நீளும் என்று அதில் வருகிறது. கொல்லையில் இருந்துகொண்டு "தம்பீஇஇ" என்று நாம் கூப்பிடுவதும் அதுதான். தமிழுக்குக் கருவி செய்பவர்களுக்கு இது இலக்கணம் மட்டுமல்ல, வேலைக்கு உதவும் செய்தி. சிரி என்ற பெயர் தமிழ் வாயில் 'சிரீ' ஆகும். அலெக்ஸாவோ ஏற்கெனவே கண்ணா, ராஜா போல ஆகாரத்தில் முடிவதால் அப்படியே விளியாகிவிடுகிறது. இந்த நீட்டல்களையும் பழக்கினால்தான் கருவி நம் வீட்டுக் குரலுக்குத் திரும்பும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பழந்தமிழில் விளிதல் என்றால் இறத்தல். இன்று அந்தப் பொருளில் யாரும் பேசுவதில்லை. ழகரமும் ளகரமும் மயங்கிச் சிலர் 'விழிச்சொல்' என்று எழுதிவிடுவார்கள் என்பது அதைவிடப் பெரிய சிக்கல். அப்படி எழுதினால் விழித்தல், எழுப்புதல் என்று பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். அதனால் எழுத்தில் கவனம் வேண்டும். 'அழைப்புச்சொல்' என்று ஒருவர் கேட்டிருந்தார். அழைப்பு என்பதைத் தொலைபேசி எப்போதோ எடுத்துக்கொண்டது.

இனி வரப்போகும் கருவிகளையும் பார்க்க வேண்டும். 2011-இல் சிரி வந்தபோது பொத்தானை அழுத்தித்தான் கூப்பிட வேண்டியிருந்தது. 2014-இல் அலெக்ஸா பேசும் எக்கோ கருவி வந்தபோது அந்தச் சொல்தான் பேச்சைத் தொடங்கும் முக்கிய வழியாக இருந்தது. 2022-இல் கூகுள் தன் திரையுள்ள கருவி ஒன்றில், அதைப் பார்த்துக்கொண்டே பேசினால் போதும் என்று ஒரு வசதி கொண்டுவந்தது. 2023-இல் ஆப்பிள் 'ஹே' வேண்டாம், 'சிரி' போதும் என்றது. சொல் சுருங்கிக்கொண்டே போகிறது, நாளை பல கருவிகளில் இல்லாமலும் போகலாம். அப்போதும் பார்வையோ கையசைவோ ஒரு விளிதான். அதை 'விளிச்சைகை' என்றால் புதுச்சொல் தேட வேண்டாம்.

அப்புறம், எங்கள் வீட்டில் நடந்ததுபோலக் கூப்பிடாமலே கருவி திரும்புவதற்கு 'விளிமயக்கம்' என்று வைக்கலாமா? ஒரு வேற்றுமையின் இடத்தில் இன்னொன்று வருவதை வேற்றுமை மயக்கம் என்று சொல்கிறோமே, அதே மயக்கம். "நேற்று இரவு மூன்று முறை விளிமயக்கம் ஏற்பட்டது" என்று கருவியின் அமைப்புப் பக்கத்தில் (செட்டிங்ஸ்) தமிழில் ஒரு வரி வந்தால் என் அம்மாவுக்குப் புரியுமா என்று இன்று மாலை கேட்டுவிட்டு எழுதுகிறேன். நீங்களும் வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்.